பேண்ட் அளவை நம்ப வேண்டாம்

லண்டனின் இரட்டை மாடிப் பேருந்தில் அன்று இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியை இருக்கையிலேயே கழித்தார். நடத்துநருக்கு உட்கார நேரம் கிடையாது. டிக்கெட் கொடுப்பதற்காகக் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் ஓடி, ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறிவிடுவார். இருவரும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள், ஒரே சாலையின் புகையைச் சுவாசித்தவர்கள். ஆனால், மாரடைப்பு இருவரையும் ஒரே மாதிரி தாக்கவில்லை. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 35 முதல் 64 வயது வரையிலான சுமார் 31,000 போக்குவரத்துத் தொழிலாளர்களின் மருத்துவப் பதிவுகளை அலசினார்கள். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்திருந்தது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதில்தான் வந்தது. அவர்களில் உடனடியாக உயிரிழந்தவர்களும் குறைவு. 1953இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான இந்த ஆய்வுக்குப் பிறகுதான் உடல் உழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை மருத்துவ உலகம் எண்களைக் கொண்டு பேசத் தொடங்கியது.

உடனே ஒரு நியாயமான கேள்வி எழுந்தது. பருமனானவர்கள்தான் ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், பழி வேலையின் மேல் எப்படி விழும்? இதற்கு விடை தேட மாரிஸ் எடுத்தது சீருடைக் கணக்கை. தொழிலாளர்களுக்குத் தைத்துக் கொடுத்த கால்சட்டைகளின் இடுப்பளவு பதிவேட்டில் இருந்தது. எல்லா வயதிலும் ஓட்டுநர்களின் இடுப்பே பெரிதாக இருந்தது என்று 1956இல் அவர் எழுதினார். ஆக, அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால், ஒல்லியானவர், நடுத்தர உடம்புக்காரர், பருமனானவர் என்று பிரித்துப் பார்த்த பிறகும் ஒவ்வொரு பிரிவிலும் ஓட்டுநர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. தபால் துறையிலும் இதே கதைதான். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்தவர்களைவிட மேசையில் அமர்ந்த எழுத்தர்களுக்கு இதயநோய் கூடுதல்.

அந்த நடத்துநர்கள் எவரும் உடற்பயிற்சி என்று நினைத்துப் படியேறவில்லை. விடியற்காலையில் எழுந்திருக்க அலாரம் வைக்கவில்லை, சந்தா கட்டவில்லை, சபதம் எடுக்கவில்லை. வேலை அவர்களை ஏற வைத்தது. தமிழ்நாட்டு ஆண்களின் உடல்நலம் பற்றிய பேச்சில் விடுபட்டுப்போவது இதுதான். இங்கே எந்த அறிவுரையும் கடைசியில் மன உறுதியில்தான் போய் நிற்கிறது. ஐந்து மணிக்கு எழு, நட, வாயைக் கட்டு, ஜிம்முக்குப் போ என்கிறோம். பத்து மணி நேரம் நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டு, மிச்சமிருக்கும் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் சரிசெய்துகொள் என்று ஒரு மனிதரிடம் சொல்வது அநியாயம். மாற வேண்டியது முதலில் அந்தப் பத்து மணி நேரம்.

மாரிஸ் காலத்துக் கால்சட்டை உண்மை சொன்னது. இன்றைய பேண்ட் சொல்வதில்லை. தொப்பை முன்னால் வரும்போது பேண்ட் மெல்லக் கீழே இறங்கி, வயிற்றுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கல்லூரியில் 34 போட்டவர் ஐம்பது வயதிலும் 34 போடுகிறார், அளவு மாறவில்லை என்று நிம்மதியாக இருக்கிறார். பெல்ட்டுக்கு மேலே இருக்கும் சுற்றளவை யாரும் எடுப்பதில்லை. தையல்கடை டேப் ஒன்று போதும். சட்டையைத் தூக்கிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டபின் அளவு பார்க்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய முப்பத்தைந்தரை அங்குலம், எச்சரிக்கைக் கோடு. ஐரோப்பியருக்கான கோடு இதைவிட உயரத்தில் இருக்கிறது. நமக்குக் கீழே இறக்கியதற்குக் காரணம் உண்டு.

புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’டில் தங்கள் இருவரின் படத்தையே போட்டு ஒரு பக்கக் குறிப்பு வெளியிட்டார்கள். உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் இருவருக்கும் 22.3. துளியும் வித்தியாசமில்லை. இருவருமே பார்வைக்கு ஒல்லி. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். “நான் ஒல்லிதானே, எனக்கு எங்கே சுகர் வரும்” என்று கேட்கும் ஆண்கள் பார்க்க வேண்டிய படம் அது. கை கால் மெலிந்து, வயிற்றுக்குள் கொழுப்பு சேரும் இந்த உடல்வாகு நம் பகுதியில் மிகச் சாதாரணம். எடை பார்க்கும் இயந்திரம் இதைக் காட்டிக்கொடுக்காது.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தமிழ்நாட்டில் சர்க்கரை நோய் 14.4 சதவீதம் என்றது. அதைவிடக் கவலை தருவது மாநில அரசே 2020இல் எடுத்த கணக்கு. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். பிறகு வந்த திட்டங்களால் நிலைமை முன்னேறியிருக்கிறது. ஆனாலும் பிரஷர் இருப்பது தெரியாமலே வேலைக்குப் போய்வரும் ஆண்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. தலைவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவருக்குப் பக்கவாதமே முதல் அறிகுறியாக வந்துவிடலாம்.

2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது நல்ல காரியம். காலையில் அந்தப் பாதைகளில் நடப்பவர்களைப் பார்த்தால் ஓய்வுபெற்றவர்கள், அதிகாரிகள், கடை முதலாளிகள் நிறைய இருப்பார்கள். இரவுப் பணி முடித்து வரும் காவலாளி, காலை ஷிப்டுக்குக் கம்பெனி பேருந்தைப் பிடிக்க ஓடும் தொழிலாளி, பன்னிரண்டு மணி நேரம் கல்லாவில் உட்காரும் கடைப் பணியாளர், செயலியில் ஆர்டர் வரும்வரை பைக்கிலேயே சாய்ந்திருக்கும் இளைஞர் ஆகியோருக்கு அந்தப் பாதை எட்டாது. அவர்களுக்கு எட்டுவது வேலைநாளுக்குள் கிடைக்கும் பத்து நிமிடங்கள்தான்.

நல்ல வேளையாக, அந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பு அதிகம். சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பகுதியை உள்வாங்குபவை எலும்புத் தசைகள். அந்த நேரத்தில் கால் அசைந்தால் தசை கூடுதலாக இழுத்துக்கொள்ளும். ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், அறுபது வயதைக் கடந்த பத்துப் பேரை ஒருமுறை காலையில் 45 நிமிடம் சேர்ந்தாற்போல் நடக்க வைத்தார்கள். இன்னொருமுறை ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடக்க வைத்தார்கள். நாள் முழுவதுக்கான சர்க்கரை அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தைக் குறைத்ததில் இரண்டாவது முறையே முந்தியது. பத்துப் பேரை வைத்து உலகத்துக்குச் சட்டம் போட முடியாது என்றாலும், பிந்தைய ஆய்வுகளும் இந்தத் திசையையே காட்டுகின்றன. நம் வீடுகளில் ராத்திரி சாப்பாடு ஒன்பது, ஒன்பதரைக்கு. சாப்பிட்ட கை காய்வதற்குள் டிவி முன்னால் சாய்வது வழக்கமாகிவிட்டது. நாள் முழுக்கவும் உடம்புக்கு மிகவும் உதவக்கூடிய நடை, அந்த நேரத்தில் தெருமுனை வரை போய்வருவதுதான்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைக் கண்டு மலைக்கவும் தேவையில்லை. 1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி விற்ற அடி எண்ணும் கருவியின் பெயராக வந்த எண் அது, மருத்துவர்கள் வகுத்ததல்ல. 15 ஆய்வுகளைச் சேர்த்து 2022இல் செய்த கணக்கின்படி, அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடியிலேயே பலன் ஏறக்குறைய நிறைவடைந்துவிடுகிறது.

ஆனால் நடை மட்டும் போதும் என்று நிறுத்திக்கொள்வது தவறு. முப்பதுக்குப் பிறகு தசை கரையத் தொடங்குகிறது, அறுபதுக்குப் பின் வேகம் எடுக்கிறது. அதைக் காப்பாற்ற எடையை எதிர்த்து உழைக்க வேண்டும். அதனால்தான் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு என்று சொன்ன கையோடு, வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சி என்றும் உலக சுகாதார நிறுவனம் சேர்த்துச் சொல்கிறது. முதல் பாதி ஊருக்கே தெரியும், இரண்டாம் பாதி பரவவில்லை. இதற்கு ஜிம் கட்டாயம் இல்லை. தண்டாலும் பஸ்கியும் நம் ஊர்க் களங்களில் பழகியவைதான். முழுத் தண்டால் வராதவர் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம், ஒரு மாதம் கழித்து மேசை விளிம்பில், அப்புறம் தரையில். பஸ்கி போட முழங்கால் ஒத்துழைக்காதவர் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்திருக்கட்டும். பத்து முறை எழுந்து உட்கார்ந்தபின் தொடை நடுங்கினால் அவருக்கு அந்தப் பயிற்சி எவ்வளவு தேவை என்று அப்போதே தெரிந்துவிடும். வாசலில் இறக்கிவைக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேன் 20 கிலோ எடை. முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டிப் பிடித்துத் தூக்கத் தெரிந்த ஆணுக்கு அதுவே ஒரு பயிற்சிக் கருவி. முதுகுவலி, குடலிறக்கம், இதயநோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது.

தசைக்குப் பயிற்சி கொடுத்தால் தீனியும் கொடுக்க வேண்டும். இந்தியர்களுக்கான பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 65 கிலோ ஆணுக்கு அது 54 கிராம். காலையில் மூன்று இட்லி, மதியம் சோறும் தண்ணீராய் ஓடும் சாம்பாரும், இடையில் டீ, இரவு தோசை என்று போகும் ஒரு நாளைத் தோராயமாகக் கணக்குப் போட்டால் 35 கிராம் தேறுவதே பெரிது. கலோரிக்குக் குறையில்லை. அதெல்லாம் அரிசியிலிருந்து வருகிறது. 2024இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது. நம் மதியச் சாப்பாட்டுத் தட்டு அந்தக் கோட்டை எப்போதோ தாண்டிவிட்டது.

இதைச் சரிசெய்யப் புரத மாவு டப்பா வாங்க ஓட வேண்டாம். அதே வழிகாட்டி அந்த டப்பாக்கள் வேண்டாம் என்றே எச்சரிக்கிறது. இரண்டு முட்டையில் 12 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டலில் 10 கிராம், ஒரு கிண்ணம் தயிரில் 6 கிராம் புரதம் இருக்கிறது. மத்தியும் நெத்திலியும் கிடைக்கும் ஊரில் விலை உயர்ந்த மீன் தேவையே இல்லை. சோற்றை விட்டுவிடச் சொல்வது தமிழரிடம் எடுபடாது, அதற்கு அவசியமும் இல்லை. இரண்டாவது முறை சோறு வாங்கும் இடத்தில் கூட்டையும் பொரியலையும் வாங்கினால் தட்டின் கணக்கு மாறிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும்.

இங்கேயும் கேள்வி தனிமனிதரோடு முடிவதில்லை. மதியச் சாப்பாட்டை ஆயிரக்கணக்கான ஆண்களுக்குப் பரிமாறுவது தொழிற்சாலைக் கேன்டீன். அங்கே சோறு அளவில்லாமல் கிடைக்கும், பொரியல் ஒரு கரண்டி. அரிசியை ஒரு கரண்டி குறைத்து, சுண்டலையோ முட்டையையோ சேர்ப்பது கேன்டீன் ஒப்பந்தத்தில் ஒரு வரி மாற்றம். ஊறுகாயையும் அப்பளத்தையும் தினமும் வைக்காமலிருப்பது இன்னொரு வரி. ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்பு என்ற வரம்பை வீட்டில் எவ்வளவு கவனமாகக் காத்தாலும் கேன்டீன் ஒரே வேளையில் கவிழ்த்துவிடும்.

டீக்கடை ஆண்களின் பொது இடம், அதை விட்டுவிடச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. ஆனால் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீயில் ஏறக்குறைய பத்து கிராம் சர்க்கரை. நாலு டீ குடித்தால் நாற்பது. உடல்நலத்துக்கு நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளெல்லாம் சேர்த்தே 25 கிராம். மாஸ்டரிடம் “சர்க்கரை கம்மி” என்று சொல்லப் பழகினால் இரண்டு வாரத்தில் நாக்கும் பழகிவிடும். சிகரெட்டை நிறுத்துவதற்கு இணையான மருந்து எதுவும் இந்தக் கட்டுரையில் இல்லை. மதுவைப் பொறுத்தவரை, ஒரு குவார்ட்டரான 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால், 400 கலோரிக்கு மேல். கூடவே வரும் மிக்சரும் வறுவலும் தனிக் கணக்கு. தொப்பை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

ஆண்கள் வாய் திறந்து பேசாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். விறைப்புக் குறைபாடு வந்தால் பல ஆண்கள் மருத்துவரிடம் போவதில்லை. இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் முகாம் என்று விளம்பரம் செய்யும் வைத்தியரிடம் போகிறார்கள், ஆயிரக்கணக்கில் பணத்தைக் கொடுத்துப் பொட்டலம் வாங்கி வருகிறார்கள். கூச்சத்தால் இழப்பது பணம் மட்டுமல்ல. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை. கொழுப்பும் சர்க்கரையும் ரத்தக்குழாயின் உள்சுவரைக் கெடுக்கும்போது அடைப்பின் அடையாளம் குறுகலான இடத்தில்தான் முதலில் தெரியும். இதயநோய் வெளிப்படுவதற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் முன்பே இந்தக் குறை தலைகாட்டுவது உண்டு. நாற்பதுகளில் இருக்கும் ஒருவருக்கு இது தொடர்ந்து இருந்தால் உடனடியாகப் பார்க்க வேண்டியவை சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால். லாட்ஜில் இழக்கும் அந்த ஆண்டுகள் இதயத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஆண்டுகள். மனஉளைச்சலாலும் சில மாத்திரைகளாலும்கூட இது வரலாம் என்பதால், எதையும் சொல்லாமல் மறைப்பது சிகிச்சையைத் தாமதப்படுத்தும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடிவந்து பிரஷரும் சுகரும் பார்த்தது. பகலில் வீட்டில் இல்லாத ஆண்கள் அதில் விடுபட்டார்கள். அந்த ஓட்டையை உணர்ந்துதான் 2024இல் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ வந்தது. வேலை செய்யும் இடத்துக்கே பரிசோதனை போவது சரியான திசை. இதைப் பெரிய தொழிற்சாலைகளோடு நிறுத்தாமல் பணிமனை, மார்க்கெட், லாரி புக்கிங் அலுவலகம், ஆட்டோ ஸ்டாண்ட் வரை கொண்டுபோக வேண்டும். பிரஷர் பார்க்கும் டிஜிட்டல் கருவி ஒன்றைத் தொழிற்சங்க அறையில் வைப்பது எந்தச் சங்கத்துக்கும் பெரிய செலவில்லை. டீ குடித்த கையோடு பார்க்காமல், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெவ்வேறு நாட்களில் 140க்கு 90ஐத் தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும், அங்கே மாத்திரை இலவசம். மாத்திரை தொடங்கியபின் அளவு சரியாகிவிட்டது என்று தாங்களாகவே நிறுத்துவதுதான் நம் ஆண்கள் அதிகம் செய்யும் தவறு. அளவு சரியாக இருப்பதே மாத்திரையால்தான்.

பணிநேரத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிட நடைக்கு இடம் கொடுப்பது, நீண்டதூர ஓட்டுநருக்கு நிறுத்தங்களில் இறங்கி நடக்க நேரம் ஒதுக்குவது, கேன்டீன் தட்டை மாற்றுவது, ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பும் பிரஷரும் சுகரும் பார்த்து எழுதிக் கொடுப்பது ஆகிய நான்கையும் நிர்வாகங்கள் செய்யத் தொடங்கலாம். இவை எதற்கும் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதையெல்லாம் செய்தும் ஒரு நாள் நெஞ்சு வலிக்கலாம். அப்போது பெரும்பாலான ஆண்களின் வாயில் வரும் முதல் வார்த்தை “கேஸ் ட்ரபுள்”. ஒரு சோடா, கொஞ்சம் பெருங்காய மோர், ஒரு மாத்திரை, படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். நெஞ்சின் நடுவில் அழுத்துவதுபோல் வலி, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் வாயுவா இதயமா என்று வீட்டில் உட்கார்ந்து விவாதிக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். பைக்கை எடுத்துக்கொண்டு தானே ஓட்டிப் போகவும் கூடாது. 108ஐ அழைக்க வேண்டும். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, மாரடைப்புக்கு முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கின்றன. அங்கே கொடுத்துவிட்டுத்தான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.